எரித்த குறிப்பேடு

இரவு பதினொன்றரை. ஊரைச் சுற்றிப் போகிற புறவழிச்சாலை... விளக்கு இல்லை, ஆள் இல்லை, குரைக்க ஒரு நாய்கூட இல்லை. கிட்ட வந்து உட்காருங்கள், இதையெல்லாம் கத்திச் சொல்லக் கூடாது.

அந்தச் சாலையில் காரை ஓட்டிக்கொண்டு வந்தவர் என் நண்பனுடைய மச்சான். நீதிமன்றப் பதிவறைக்கு அவர்தான் ராஜா. அந்த அறைக்குள் ஓர் எலி நுழைந்தால் வழி கண்டுபிடித்து வெளியே வருவதற்குள் பேரன் பேத்தி எடுத்துவிடும். அத்தனை கட்டுகள்!

சாட்சி சொல்லச் சொல்ல எடுத்த சுருக்கெழுத்துக் குறிப்பேடுகளை ஏழு வருடம் வைத்திருந்துதான் எரிக்க வேண்டும். தீர்ப்பு நாளிலிருந்து ஏழு. மச்சானோ ஒரு வழக்கில் சாட்சி சொன்ன நாளிலிருந்து எண்ணிவிட்டார். குறிப்பேடு முன்னாலேயே நெருப்புக்குப் போய்விட்டது. பிறகு தெரிந்தும் மூடி மறைத்துவிட்டார்.

சின்னத் தப்புதான். ஆனால் அதற்குள் ஒருவனுடைய ஆயுள் இருந்தது. சாட்சி "பார்க்கலை" என்று சொன்னதைக் காதால் கேட்டதாக அவனுடைய அக்கா சத்தியம் செய்கிறாள். டைப் அடித்த பிரதியிலோ "பார்த்தேன்" என்று இருக்கிறது. சாட்சி செத்தாயிற்று. குறிப்பெடுத்து டைப் அடித்தவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்கு 'ரப்பர் தொடாதவர்' என்று பட்டப்பெயர். வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓர் எழுத்தைக்கூட அழித்ததில்லையாம். அவருடைய கர்வத்துக்கே தனி நாற்காலி போட வேண்டும்!

அக்கா மனுப் போட்டிருந்தாள். கெடுவுக்கு முன்பே எரித்தார்கள் என்று தெரிந்தால் மறுவிசாரணை. இல்லையென்றால் தம்பிக்கு ஜெயில்தான் வீடு. அன்று சாயங்காலம் அந்த அக்கா பதிவறைக்கே வந்துவிட்டாள்.

"கெடு முடிஞ்சுதான் எரிச்சீங்களா சார்?"

"ரூல்படிதாம்மா எரிச்சோம். நாளைக்கு ஜட்ஜ் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்."

"உள்ள போகும்போது அவனுக்கு மீசைகூடச் சரியா முளைக்கலை. இப்ப தலை நரைச்சுப்போச்சு. அதுக்கும் ரூல் இருக்கா சார்?"

மச்சான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளைக்கான கட்டுகளைத் தேடி எடுத்துவிட்டுக் கிளம்பவே நேரமாகிவிட்டது.

சாலையில் பாதி தூரம்...

சரக்... சரக்... சரக்...

பின் சீட்டில் பென்சில் ஓடுகிற சத்தம். புதிதாகச் சீவிய மரத்தின் வாசனை. அதற்கு அடியில்... காகிதம் கருகின நாற்றம். கண்ணாடியில் பார்த்தார். யாரும் இல்லை. ஆனால் சீட்டு மட்டும் ஆள் உட்கார்ந்த மாதிரி அமுங்கியிருந்தது.

"யா... யாரு?"

சரக். நின்றுவிட்டது.

"ரூல்படிதானே எரிச்சேன்!"

பென்சில் தாளில் பறந்தது. அப்படி ஓர் ஆனந்தம் அதற்கு!

மச்சான் பேச்சை மாற்றினார். "இல்லை... முன்னாடியே எரிச்சுட்டேன். என் தப்புதான்."

சத்தமே இல்லை.

இன்னொரு தரம் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார். ஒரு கீறல் இல்லை... தாளைக் கிழிக்கிற சத்தம் மட்டும் வந்தது.

உண்மையைச் சொல்ல வைக்க வந்த பேய் என்று நினைக்கிறீர்கள், இல்லையா? மச்சானும் அப்படித்தான் நினைத்தார், பாவம்.

மறுநாள் கூண்டில் ஏறியதும் தொண்டை கிழியச் சொன்னார்: "கெடுவுக்கு முன்னாடியே எரிச்சுட்டேன் ஐயா! கணக்குத் தப்பாப் போச்சு!"

நீதிபதி தலையாட்டினார். "கெடு முடிஞ்ச பிறகுதான் எரிச்சிருக்காங்க. மனு தள்ளுபடி."

மச்சான் பாய்ந்து போய்ப் புதிதாக வந்த சுருக்கெழுத்துப் பெண்ணிடம் கேட்டார். "ஏம்மா, நான் சொன்னது என்ன, நீ எழுதினது என்ன?"

"நீங்க சொன்னதைத்தான் சார் எழுதினேன்." அந்தப் பெண் நிஜமாகவே குழம்பிப்போய்ப் பார்த்தாள்.

வராந்தாவில் அந்த அக்கா நின்றிருந்தாள். அழவில்லை. திட்டவில்லை.

"நீங்க உண்மையைச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு சார்," என்றாள். "ஆனா ஜட்ஜ் ஐயா உங்களைப் பாக்கவே இல்லையே... கூண்டுக்குள்ள உங்க பக்கத்துல காதுல பென்சிலைச் செருகிக்கிட்டு நின்னாரே ஒரு பெரியவர், அவரைப் பாத்துத்தானே தலையாட்டினாரு?"