தொடர்கதையில் வந்த டீச்சர்

இராமேஸ்வரம் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த இளம்பெண், மடியில் கிடந்த வாரப் பத்திரிகையைத் தட்டி, பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: “எல்லாரும் சாகுறாக, அக்கா. அவ மட்டும் சாக மாட்டேங்கிறா.”

“எவடி?”

“எங்க வீட்டுக்காரக எழுதுற தொடர்கதையில வாரவ. பட்டணத்து ஆளுக படகு கவுந்து, ஆளில்லாத தீவுல ஒதுங்குறாக. குடிக்கத் தண்ணியில்ல. இருட்டுனா ஏதோ ஒண்ணு வந்து ஒவ்வொருத்தரா இழுத்துட்டுப் போகுது.”

“கதைதானடி?”

“கதையில அவ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறா, அக்கா. எங்க வீட்டுக்காரக வாத்தியாரா இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்திருக்கிற டீச்சரும் அப்படித்தான் சிரிக்கும்.”

அக்கா பத்திரிகையை வாங்கிப் புரட்டினாள். வண்டி பாம்பன் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது.

“கடக்கரை மணலைக் கையால தோண்டுனா நல்ல தண்ணி ஊறும்னு, கல்யாணமான புதுசுல நாந்தான் அவுகளுக்குத் தோண்டிக் காட்டுனேன். கதையில அவ தோண்டுறா. எல்லாரும் அவளைக் கும்பிட்டுக் குடிக்கிறாக.”

“ஒன்னையப் பத்தி எழுதலையா?”

“எழுதாம என்ன? அதுல வார வாத்தியார் பொண்டாட்டி நாந்தான். முதல் வாரத்துலயே, குடிக்கத் தண்ணி கிடைக்காம செத்துட்டேன்.”