நாலு விரல் உயரம்

பலகை அறுக்கிற மரக்குதிரையை அவரவர் உயரத்துக்குத்தான் செய்துகொள்ள வேண்டும், சார்ஜென்ட். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருகிற இடத்தில் அதன் முதுகு வர வேண்டும். அப்போதுதான் பலகையைக் கிடத்தி நாள் முழுக்க அறுத்தாலும் இடுப்பு பிடிக்காது. என் ஜோடியை சைப்ரஸ் கட்டையில் செய்தேன். இரும்பாணி கிடையாது, எல்லாம் லூமா மர முளைகள். இங்கே சிலோயே தீவில் சாவு விழுந்தால், சவப்பெட்டியை வைக்க அந்த ஜோடியைத்தான் கேட்டு வருவார்கள்.

கல்யாணமான நாள் முதல் பதினாறு வருஷம் மச்சான் எலாடியோ வீட்டில்தான் இருந்தேன். வீடு அவனுடையது, படகு அவனுடையது, சாப்பாட்டு மேசையில் யார் எங்கே உட்காருவது என்பதும் அவன் வைத்த சட்டம். தனியாகப் போகலாம் என்று என் மனைவி ஓர்ஃபெலினாவிடம் சொன்னால், அண்ணனை விட்டுவிட்டா என்பாள். கொட்டகையில் இருந்த அந்த ஜோடி மட்டும்தான் என்னுடையது.

போன மார்ச்சில் ஒரு நாள் அறுக்கக் குனிந்தேன், குனிந்துகொண்டே போனேன். எட்டுக் கால்களிலும் நாலு விரல் குறைந்திருந்தது. எலாடியோ மாட்டே இலைத் தேநீரை உறிஞ்சியபடி வாசலில் நின்றான்.

"எனக்கு உயரம் ஒத்துவரல மாப்ளே, கொஞ்சம் நறுக்கிட்டேன். குனியறது உனக்குப் பழக்கந்தானே."

நானும் சிரித்தேன். ஒரு மாதம் கழித்து அவன் உயரத்துக்கே புது ஜோடி செய்து கொடுத்தேன். ரொம்ப சந்தோஷப்பட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஊரே பூசைக்குப் போயிருந்தது. ஓதம் இறங்கிக் கடல் வற்றியதும் படகைக் கரையில் அந்தப் புது ஜோடிமேல் ஏற்றினோம். அடிப்பலகை இடுக்குகளை அடைக்க அவன் படகுக்கு அடியில் ஊர்ந்தான். ஒரு குதிரை மடிந்து, படகு அவன் தொடைமேல் இறங்கியது. வலியைவிடக் கோபம்தான் அவனுக்கு அதிகம்.

"கடப்பாரைய எடுத்துட்டு வா மாப்ளே. தண்ணி ஏறுது."

ஓடினேன் என்று சொல்ல முடியாது, நடந்தேன். கொட்டகையில் கடப்பாரை இருந்தது, பக்கத்திலேயே என் பழைய ஜோடியும் இருந்தது. அளவெடுத்து எட்டு ஒட்டுத் துண்டுகள் அறுத்தேன். முளையடித்துப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்தேன். ஒட்டு வேலையில் அவசரம் கூடாது. அவன் கூப்பிடுவது கேட்டது, பிறகு கேட்கவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன்.

சவப்பெட்டியை என் ஜோடிமேல்தான் வைத்தோம். உயரம் சரியாக இருந்தது.

விபத்து என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டீர்கள், தெரியும். ஓர்ஃபெலினா இனி அண்ணன் வீட்டைவிட்டு அசையவே மாட்டேன் என்கிறாள். சாகும்வரை நான் அதே மேசையில், அதே நாற்காலியில். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் நேற்று பெலார்மினோ வீட்டுச் சாவுக்கு வேறு யாரிடமோ போய் மரக்குதிரை வாங்கியிருக்கிறார்கள். என் பெயரைச் சொல்லி, நொல்பெர்த்தோ செய்தது ஆளைக் கொல்லும் என்று பேச்சாம்.

நான் செய்தது எதுவும் தானாக மடியாது, சார்ஜென்ட். மடிந்த அந்தக் குதிரையின் இரண்டு முளைகளையும் நான்தான் தட்டி எடுத்தேன். என்ன தட்டுறே என்று எலாடியோ படகுக்கு அடியிலிருந்து கேட்டான், இறுக்குகிறேன் என்றேன். அப்போதும் மும்மூன்று அடி வாங்கித்தான் வெளியே வந்தன. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், என்மேல் வீண்பழி வேண்டாம்.