முப்பது தட்டு உப்புமா

மஞ்சள் சோளமாவில் உப்புமா கிண்டுவதற்கு முன்னால் மாவை நன்றாக வறுத்துக்கொள்ள வேண்டும் சார். இல்லாவிட்டால் கட்டி தட்டிவிடும். எங்கள் சமையல்காரி பேச்சியம்மாளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். விசாரணைக்கு வந்த இடத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று நினைக்காதீர்கள். எல்லாம் உப்புமாவில் தொடங்கியதுதான்.

என் பெயர் லோகாம்பாள். வயது நாற்பத்தேழு. கொச்சியில், கொச்சங்காடியில் அரசாங்க உதவியோடு நடக்கும் பாலவாடிக்கு ஏழு வருஷமாக நான்தான் டீச்சர். குழந்தைகளுக்குக் காலையில் பால்பொடி கரைத்த பால், மத்தியானம் உப்புமா. மாவும் பால்பொடியும் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வருகின்றன. கிண்டுவது பேச்சியம்மாள் என்றாலும் பரிமாறுவது நான். கரண்டியை யாரிடமும் கொடுத்ததில்லை.

சட்டம் உங்களுக்கே தெரியும். முப்பது பிள்ளைகள் இருந்தால்தான் சாப்பாட்டு உதவி. ஒன்று குறைந்தாலும் நிறுத்திவிடுவார்கள். சாப்பாடு நின்றால் பிள்ளைகள் வரமாட்டார்கள், பிள்ளைகள் வராவிட்டால் பாலவாடி இல்லை. ஆனால் ஐந்து வயது முடிந்தவர்களை ஒவ்வொரு ஜூனிலும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நான் சட்டத்தைக் குறை சொல்லவில்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் ஒச்சப்பன் என்ற பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போனேன். வெங்கடேஸ்வரன் என்று அங்கே ஒரு ஹெட்மாஸ்டர். பாலக்காட்டுக்காரர், தங்கமான மனிதர். பிள்ளைகளுக்குப் படம் காட்டிக் கேள்வி கேட்டுத்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பார். பசுப் படத்தைத் தூக்கிக் காட்டி இது என்ன என்று கேட்டார். அந்த நேரம் பார்த்து மட்டாஞ்சேரி ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், போட்டு என்கிற மோட்டார் படகு ஊதியது. பையன் திடுக்கிட்டு, "போட்டு" என்றான். "கொழந்தை இன்னும் ஒரு வருஷம் பாலவாடியிலேயே இருக்கட்டும், பக்குவம் போறாது" என்று ஹெட்மாஸ்டர் திருப்பியனுப்பிவிட்டார்.

வரும் வழியெல்லாம் ஒச்சப்பன் அழுதான். பாலவாடிக்கு வந்து உப்புமாவைக் கண்டதும் அழுகை நின்றது. அன்றைக்குத் தட்டுகளை எண்ணினேன். அவனையும் சேர்த்துச் சரியாக முப்பது.

அதன்பிறகு நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். பெரிய பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் எடுத்தேன். பசுப் படத்தைக் காட்டி, போட்டு என்று சொல்லிக்கொடுத்தேன். போட்டுப் படத்தைக் காட்டி, பசு என்று சொல்லிக்கொடுத்தேன். குடைக்குப் பூனை என்று பெயர் வைத்தேன். மூன்று படம் போதுமானதாக இருந்தது. அடித்ததில்லை, மிரட்டியதில்லை. பாட்டாகவே படிக்கவைத்தேன்.

மூட்டை தூக்கும் வீரபாண்டியின் மகள் அங்கம்மாள் மட்டும் கொஞ்சம் சிரமம் கொடுத்தாள். கெட்டிக்காரப் பெண். "பசுன்னா பால் கறக்கும்ல டீச்சர். போட்டு கறக்குமா?" என்று கேட்டாள்.

"ஏன் கறக்காது? நீ காலம்பற குடிக்கற பால் எதுல வந்தது?" என்றேன்.

"கப்பல்ல" என்றாள்.

"அப்பறம் என்ன?" என்றேன். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. ஒரு பொய்யும் நான் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ஜூன் போனது. பதினோரு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். ஹெட்மாஸ்டர் ஒருநாள் குடையோடு பாலவாடிக்கு வந்தார். பிள்ளைகள் அவர் கையிலிருந்ததைப் பார்த்து, "பூனை, பூனை" என்று கும்மாளம் போட்டார்கள். அவர் என்னை ஓரமாக அழைத்து, "டீச்சர், தப்பா எடுத்துக்கப்படாது. நான் வெளியூர்க்காரனாக்கும். கொச்சிப் பக்கத்துல இதுக்கெல்லாம் வேற பேருண்டோ?" என்று கேட்டார்.

"கொச்சிப் பேச்சுல என்னென்னவோ உண்டு சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். அடுத்த வாரம் எர்ணாகுளம் பிராட்வேக்குப் போய்க் கண்ணாடி மாற்றிக்கொண்டதாகக் கேள்வி. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் அப்போது மத்தியானச் சாப்பாடு கிடையாது. ஒன்றாம் வகுப்புக்குப் போன பிள்ளை பசியோடு பாடம் கேட்கவேண்டும். என் பிள்ளைகள் பாடம் இல்லாவிட்டாலும் வயிறு நிறைய இருந்தார்கள். இதைத்தான் நீங்கள் முக்கியமாக எழுதிக்கொள்ள வேண்டும்.

அறுபத்துமூன்றில் பள்ளிக்கூடத்துக்கும் உப்புமா வந்தது. அதே மாவு, அதே எண்ணெய். தட்டு மட்டும் பெரியது. பிள்ளைகளுக்கு அங்கே போக ஆசை வந்துவிட்டது. அதனால்தான் நான் மூன்று படத்தை ஏழாக்க வேண்டியிருந்தது.

பசிதான் காரணம் என்றால் அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே யார் கிண்டுகிறார்களோ, மாவை வறுக்கிறார்களோ இல்லையோ. நான் தமையன் வீட்டில் இருக்கிறேன். அங்கே, "யாரங்கே, அடுப்பைப் பாரு" என்றால் அது என்னைத்தான். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை. இங்கே கரண்டியோடு வாசலில் வந்து நின்றால் முப்பது வாய் ஒன்றாக, "டீச்சர்" என்று கூப்பிடும். ஆனால் அது காரணமில்லை. கேட்டதால் சொன்னேன்.

போன மாதம் வீரபாண்டி குடும்பத்தோடு அக்கரையில், கலூரில் மச்சினிச்சி கல்யாணத்துக்குப் புறப்பட்டிருக்கிறார். சாயாக்கடையில் உட்கார்ந்துகொண்டு, போட்டு வந்துவிட்டதா பார்த்து வா என்று மகளை ஜெட்டிக்கு அனுப்பியிருக்கிறார். மறுநாள் காலையில் மகளோடு நேராகப் பாலவாடிக்கு வந்தார். மழையில் தொப்பலாக நனைந்திருந்தார்.

"டீச்சரம்மா, இவ ஓடி வந்து, போட்டு வந்துருச்சுப்பா, சுவத்துல சினிமா போஸ்டரத் தின்னுக்கிட்டு நிக்குதுங்குறா. வெளையாடுறான்னு நெனச்சேன். போயிப் பாத்தா ஒரு பசுமாட்டுக் கவுத்தப் புடிச்சிக்கிட்டு, ஏறுங்கப்பா, எடம் போயிரும்ங்குறா. அதுக்குள்ள நெச போட்டு போயிருச்சு. தாலி கட்டி முடிஞ்சப்புறம் போய்ச் சேந்தோம்."

"உக்காருங்கோ. சூடா உப்புமா இருக்கு" என்றேன்.

அவர் உட்காரவில்லை. "இவளுக்கு எட்டு வயசாவுது. இவ வயசுப் புள்ளைக மூணாங்கிளாசு படிக்குது. நாலு எழுத்து இவ தலைக்குள்ள ஏறட்டும்னுதான் நான் மூட்டை சுமக்கேன். யாரு சொல்லித் தந்தான்னு கேட்டா ஒங்க பேரச் சொல்லுறா டீச்சரம்மா. இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் நம்புதேன்."

அங்கம்மாள் அவர் வேட்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். "டீச்சர் தப்பாச் சொல்ல மாட்டாங்கப்பா" என்றாள்.

நான் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு தட்டு உப்புமா வைத்துக் கொடுத்தேன். அவர் தொடவில்லை. மகளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். ஏழு வருஷத்தில் என் உப்புமாவை வேண்டாமென்ற முதல் ஆள். எனக்கு அதுதான் இன்னும் மனசில் நிற்கிறது. அன்றைக்குத் தட்டு இருபத்தொன்பது.

ஆமாம், எல்லாவற்றையும் தெரிந்துதான் செய்தேன். பதினெட்டுப் பிள்ளைகள். பெயர்களை வரிசையாகச் சொல்லவும் தயார். ஒருவனுக்கு மீசை அரும்புவதாகப் பேச்சியம்மாள் சொன்னது மிகைப்படுத்தல். அது பால் காய்ந்தது.

பாலவாடியிலிருந்து என்னை விலக்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தோப்பும்படியில் வயதானவர்களுக்குப் பகல் சாப்பாடு போடும் நிலையம் ஒன்று தொடங்கப்போகிறதாமே. விண்ணப்பத்தைக் கையோடு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். அங்கேயும் முப்பது பேர் வேண்டுமாம். வயதானவர்களை ஜூன் மாதம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவேண்டியதில்லை. ஆனால் அவர்களும் ஒருநாள் போய்விடுவார்களே என்று நீங்கள் கேட்கலாம். அதைப் பற்றி யோசித்துவிட்டேன். சொல்லுகிற விதத்தில் சொல்லிக்கொடுத்தால் யாரும் எங்கேயும் போகமாட்டார்கள் சார்.