மேலிருந்து நாலாவது கம்பி

துரு என்றால் ஒரே நிறம் என்றுதான் நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மேசைக் காலையே பாருங்கள், சார். தரையை ஒட்டிக் கிட்டத்தட்டக் கறுப்பு. அதற்கு மேலே காப்பிப்பொடி நிறம். தரை துடைக்கிற தண்ணீர் தெறிக்கும் இடத்தில் மட்டும் ஆரஞ்சு. இதைப் பிரித்துப் பார்க்க எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. பெயின்டர் துரைக்கு இதெல்லாம் தெரியாது. அவரை நேற்றிலிருந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருப்பது நியாயமில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பெயர் ஸ்ரீவத்சன். வயது நாற்பத்தெட்டு. அஸ்தினாபுரத்தில் மூன்று மாடி ஃப்ளாட், அதில் இரண்டாவது மாடி. வேலை தாம்பரத்தில், ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில். விபத்து நடந்துவிட்டது என்று எழுதுகிறவர்களுக்கு, அது விபத்தல்ல, இயற்கையான தேய்மானம் என்று பதில் எழுதுவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நானே தேய்மானத்தை உண்டாக்குவேன்.

பொழுதுபோக்கைச் சொல்கிறேன். பிளாஸ்டிக் டாங்கிகளை ஒட்டி, மண்ணும் கல்லும் சிப்பாய்களும் வைத்து, ஒரு தட்டுக்குள் போர்க்களத்தை அமைப்பது. நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. சிப்பாய் என் சுண்டுவிரல் உயரம் இருப்பான். ஒட்டி முடித்த டாங்கி பொம்மை மாதிரிதான் தெரியும். சேறு, புகை, கீறல், துரு எல்லாம் ஏற்றி அதைக் கிழவனாக்கினால்தான் உயிர் வரும். பெட்டிகளைச் சிங்கப்பூர் மச்சினன் வாங்கி வருவான். மண் பல்லாவரம் கல்குவாரிப் பக்கம் அள்ளியது. வீட்டு டீ வடிகட்டியில் சலிப்பேன். அதே வடிகட்டியில் இரண்டு தடவை டீயும் குடித்திருக்கிறோம். ஐம்பதை நெருங்குகிற ஆள் சொப்பு வைத்து விளையாடுகிறான் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. என் மனைவி அபிதகுஜாம்பாள் அதைச் சத்தமாகவே சொல்வாள்.

இறந்துபோன வேதசிரோமணி எனக்குக் கீழ்வீடு. ராணுவத்தில் டாங்கி ரிப்பேர் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர். ஃப்ளாட் சங்கத்துச் செயலாளர். ஆறு வருஷமாகத் தினமும் மாலை ஆறு மணிக்கு வருவார். காப்பி குடிப்பார். மேசையில் இருக்கும் டாங்கியைப் பார்ப்பார். ஒரு குறை சொல்வார். ஒரு காப்பிக்கு ஒரு குறை, கணக்குத் தவறாது.

"புகைக்குழாய் இந்தப் பக்கம் இல்ல, தம்பி" என்பார். வெல்டிங் தழும்பு வழவழவென்று இருக்கக் கூடாது, மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக விழ வேண்டும் என்பார். சொன்னதெல்லாம் சரி. அதுதான் தாங்கவில்லை. தப்பாகச் சொல்கிற ஆள்மேல் வந்த கோபம் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் ஆறிவிடும். சரியாகவே சொல்கிறவர்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எனக்குச் சிக்குன்குனியா வந்து விரல் மடங்காமல் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். கிண்ணத்தை வைத்துவிட்டு, மூன்றாவது சக்கரம் கோணல் என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன வருஷம் முழுக்க ஒரே வேலை. எழுபத்தொன்று போரில் ராஜஸ்தான் மணலில் புதைந்து நிற்கும் டாங்கி. இந்தத் தடவை துருவைப் பெயின்டில் செய்வதில்லை என்று முடிவு செய்தேன். எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் இரும்பு ஏணி இருக்கிறது. மேலிருந்து நாலாவது கம்பி அருமையாகத் துருப்பிடித்திருந்தது. மாதக்கணக்கில் அதன் இரண்டு முனைகளையும் சுரண்டி, பொடித்து, டாங்கியின் பல்சக்கரத்தில் ஏற்றினேன். நிஜத் துரு, சார். கடவுள் செய்தது.

ஜனவரி இருபத்தாறு கொடியேற்றம் முடிந்து, கார் நிறுத்துமிடத்தில் அதை எல்லோரும் பார்க்க வைத்தேன். குழந்தைகள் மூச்சுவிடாமல் நின்றன. சுபேதார் சார் வந்தார். குனிந்து பார்த்தார். கட்டைவிரலை நாக்கில் நனைத்து, பல்சக்கரத்தை ஒரு தேய் தேய்த்தார். விரலைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க, கையோட வந்துடுச்சு. இது துருவே இல்ல, பவுடர். பாலைவனத்துல துரு ஏது தம்பி? மணல் தேய்ச்சுத் தேய்ச்சு அந்த இடம் எவர்சில்வர் மாதிரி மின்னும்."

பன்னிரண்டு வீடும் சிரித்தது. நானும் சிரித்தேன். துருவும் உங்களைப் பார்த்துப் பயந்து ஓடிவிட்டது சுபேதார் சார் என்று சொல்லி, அவர்களை இன்னொரு தடவை சிரிக்க வைத்தேன். கோமாளிக்கு அது ஒரு வசதி. பல் தெரிகிறவரை யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை.

யோசித்தால் அன்று அவர் சொன்னதும் சரிதான். மணல் தேய்க்கும். மின்னும். அதற்காக ஒருவன் ஒரு வருஷ வேலையின்மேல் எச்சில் விரலை வைப்பதா? அதற்கப்புறம் ஒரு வாரம் நான் தூரிகை பிடிக்கவில்லை.

பிப்ரவரியில் ஏணிக்குப் பெயின்ட் அடிக்கச் சங்கத்தில் முடிவாயிற்று. மேற்பார்வை நான். துரை சாம்பல் நிறத்தை அடித்துக்கொண்டே போய், மேலே அந்த இடத்தை விட்டுவிட்டு இறங்கி வந்தார்.

"சார், மேலர்ந்து நாலாவது கம்பி பூட்ச்சு சார். தொட்டா உதிருது. வெல்டர இட்டுகினு வந்து மாத்தினாத்தான் நான் பெயின்ட் அடிப்பேன். யாரனா ஏறினா இன்னா ஆவுறது?"

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இதைத் துரை உங்களிடமும் சொல்லியிருப்பார். நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், அவர் சொன்னது சத்தியம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லா வீட்டிலும் டிவி ஓடுகிற நேரத்தில் மேலே போனேன். லேசாகத் தட்டியதும் கம்பி கையோடு வந்துவிட்டது. அதை அதே இடத்தில் வைத்து, பிளம்பர்கள் குழாய்க்கு வைக்கிற பிசினை இரண்டு முனைகளிலும் வைத்தேன். துருவின்மேல் பிசின் பிடிக்காது, தெரியும். பல்குத்தும் குச்சியால் அதில் வெல்டிங் தழும்பை இழுத்தேன். மீன் செதில் மாதிரி, அடுக்கடுக்காக. துரையின் சாம்பல் நிறத்தையே எடுத்து, துரையின் அவசரத்தோடு அடித்தேன். தூரிகையிலிருந்து ஒரு மயிர் ஒட்டிக்கொண்டது போல ஒன்று. ஒரு சொட்டு வழிசல். செருப்பு பட்டுப் பட்டு மின்னுகிற இடத்துக்குப் பென்சில் கரி. சண்டைக்கு விடுகிறவன் கடைசியாகச் சேவலுக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பானே, அப்படி ஒரு காக்கை எச்சமும் வைத்தேன். அது கொஞ்சம் திமிர்தான், ஒத்துக்கொள்கிறேன்.

வேறு யாராவது ஏறியிருந்தால் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. பெயின்ட் ஈரம், ஏறாதீர்கள் என்று அட்டை எழுதி ஏணியில் கட்டியிருந்தேன். புதன்கிழமை காலை பத்து மணிக்குச் சுபேதார் சார் தொட்டி மூடியைத் திறந்து பார்க்க ஏறுவார், ராணுவ ஒழுங்கு, மாறாது. ஒன்பதரைக்கு அட்டையை நானே அவிழ்த்தேன். நான் ஒன்றும் மிருகமில்லை.

அவரைக் கொல்ல நினைத்தேன் என்று எழுதாதீர்கள். அது ஒரு பரீட்சை. ஒரு கம்பியைப் பார்த்தால் அதன் ஜாதகத்தையே சொல்லுவேன் என்று ஆறு வருஷமாகச் சொன்ன கண். அது கண்டுபிடித்துவிட்டால் நான் காலில் விழத் தயாராக இருந்தேன். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு மேலே துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

வந்தார். ஒரு கையால் ஏணியின் பக்கச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கீழ்க் கம்பிகளைச் சாவியால் தட்டித் தட்டி ஏறினார். நல்ல ஓசை. நாலாவது கம்பி முகத்துக்கு நேரே வந்ததும் நின்றார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு, டாங்கியைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். அதை மட்டும் தட்டவில்லை.

"வெல்டிங் யாரு போட்டது, தம்பி? செதில் செதிலா அழகா விழுந்திருக்கு. இதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல."

அதற்கு மேல் நாலைந்து படி ஏறினால்தான் கால் அந்தக் கம்பியில் படும். இறங்குங்கள் என்று சொல்ல அது நிறைய நேரம். ஆனால் அந்த நேரம் முழுக்க நான் அவர் சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏணியின் ஒரு பக்கம் மொட்டை மாடி. இன்னொரு பக்கம் இடுப்பளவு சுவர், அதற்கப்புறம் மூன்று மாடிக் காற்று. அவர் இந்தப் பக்கம் விழுந்திருக்கலாம். விழவில்லை. கையில் அபிதாவின் நைட்டி இருந்தது. அதை உதறிக் கொடியில் போட்டு, கிளிப் மாட்டிய பிறகுதான் கீழே எட்டிப் பார்த்தேன்.

அடக்கத்துக்கு முன்னால் அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அழுதேன், நிஜமாகவே அழுதேன். பைபிள் வைத்திருக்கிற அலமாரியில், நான் எப்போதோ குப்பையில் போட்ட கை உடைந்த சிப்பாய் ஒருவன் நின்றிருந்தான். கையை ஒட்டி வைத்திருந்தார். அவர் மனைவி ஞானசுந்தரி அக்கா என் பார்வை போன இடத்தைப் பார்த்தார்.

"வர்றவங்க கிட்டயெல்லாம் இதத்தான் காட்டுவாரு. மேல்வீட்டுத் தம்பி கை மாதிரி பட்டாளத்துலயே பார்த்ததில்லன்னு சொல்லுவாரு."

வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாராம். பால்காரனிடம் சொன்னாராம். ஆறு வருஷம் என் வீட்டுக் காப்பியைக் குடித்தாரே, அந்த வாயால் என்னிடம் ஒரு தடவை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? சொல்லுங்கள். இப்போது யார்மேல் கோபப்படுவது நான்?

அவ்வளவுதான், சார். கையெழுத்துப் போடுகிறேன். துரையை அனுப்பிவிடுங்கள், அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். அந்தக் குழந்தைகளை நினைத்துத்தான் வந்தேன், வேறெதற்கும் இல்லை. ஆனால் வெளியே உங்கள் ரைட்டர் படித்துக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. பெயின்டர் துரை கம்பியை மாற்றாமல் பிசினை அப்பிவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பிவிட்டானா? அந்த வார்த்தையை அடித்துவிடுங்கள். அதை யாரும் அப்பவில்லை. துரைக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் அது வராது.

கம்பி உங்கள் பீரோவில்தானே இருக்கிறது? வெளியே எடுங்கள். அதில் ஒரு காக்கை எச்சம் இருக்கும். விரலை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள், சார். வராது.