டெய்லரை நீக்கும் கடிதம்

— உக்காரச் சொல்லாதம்மா. அவன் நிக்கட்டும். உக்கார வச்சுப் பேசற விஷயமா இது?

— சார், அவர் கடையைப் பாதியில பூட்டிட்டு ஓடி வந்திருக்காரு. நின்னா என்ன, உக்காந்தா என்ன?

— உன் மருந்துக்கடை மாடிங்கறதால நாற்காலியெல்லாம் உன்னோடதா இருக்கலாம். ஆனா இது ட்ரோன் சங்கத்துக் கூட்டம். இங்க தலைவர் நான். யார் உக்காரணும், யார் நிக்கணும்னு நான் சொல்றேன். என்னப்பா டெய்லரே, கால் வலிக்குதா?

— இல்லைங்கய்யா. நாள் பூரா மிதிச்சு மிதிச்சுப் பழகின காலுதான்.

— நக்கலைப் பாரு. ஏம்மா, நீ செயலாளர்தானே? விமான நிலையத்துக்காரன் அனுப்புன மெயிலை இன்னொரு தடவை படி. இவன் காதுல விழட்டும்.

— "நேற்று மாலை ஐந்து பன்னிரண்டுக்கு உங்கள் சங்கத்தின் மைதானத்துக்கு மேலே, அனுமதித்த உயரத்தைத் தாண்டி ஒரு ட்ரோன் பறந்தது. இறங்க வந்த பயிற்சி விமானம் இறங்காமல் மறுபடி மேலே ஏற வேண்டியதாயிற்று. பறக்கவிட்டவர் யார், அவர் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்பதை இன்று மாலை ஆறு மணிக்குள் தெரிவிக்கவும். தவறினால் மைதானத்துக்கான அனுமதி ரத்தாகும்."

— ரத்தாகும். கேட்டுக்கிட்டியா? ஓடுபாதையில இருந்து மூணு கிலோமீட்டர். வரைபடத்துல சிவப்பு வட்டம் போட்டு, காத்தாடிகூட விடக்கூடாதுன்னு வச்சிருந்த இடம். அதுல ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் சட்டப்படி பறக்க விடறோம்னா எப்படி வந்துச்சு? நாலு வருஷம். பதினேழு விண்ணப்பம். யாரு எழுதினது?

— நான் எழுதினேன் சார்.

— கையெழுத்து யாரு போட்டது?

— நீங்க.

— அதைச் சொல்லு. என் கையெழுத்துக்காகத்தான் குடுத்தான். இன்சூரன்ஸ் கம்பெனியில முப்பத்தோரு வருஷம், நூத்திப் பத்துப் பேரை மேய்ச்சிருக்கேன். ஒரு ஆளு என் முன்னாடி நிமிர்ந்து பேசினது கிடையாது. நேத்து விமான நிலையக் கன்ட்ரோல் டவர்ல இருந்து ஒரு சின்னப் பொண்ணு போன்ல என்னைக் காய்ச்சி எடுக்கறா. "உங்க ஆளுங்களுக்குச் சொன்னா புரியாதா சார்?"ங்கறா. எனக்கு! யாரால? ஊக்குக்கும் பட்டனுக்கும் அலையற ஒரு ஆளால.

— ஐயா, நான் நேத்து இருபத்தெட்டு மீட்டருக்கு மேல ஏத்தவே இல்லைங்க. நீங்க வேணா...

— நிறுத்து. இருபத்தெட்டாம். காஜா எடுக்கற கை இப்ப கணக்குச் சொல்லுது.

— சார், ஒரு நிமிஷம். எல்லாரோட ட்ரோன் லாக்கும் வாங்கிட்டேன். எது எத்தனை மணிக்கு எவ்வளவு உயரம் போச்சுன்னு அதுங்களே எழுதி வச்சிருக்கு. நேத்து நீங்க ட்ரோன் பெட்டியைக் குடுத்தீங்கள்ல, உங்க மெமரி கார்டும் அதுல இருந்துச்சு. மத்தியானம் நானும் டெய்லர் அண்ணனும் உக்காந்து ஒவ்வொண்ணாப் பாத்தோம். நீங்களும் ஒருவாட்டி...

— திருடனைக் கூட வச்சுக்கிட்டுத் திருட்டைப் பாத்தியா? நல்லா இருக்கும்மா உன் நிர்வாகம். எனக்கு லாக்கு வேணாம். மூஞ்சியைப் பாத்தாலே தெரியும். இவன் மூஞ்சியைப் பாரு. வியர்த்து ஊத்துது.

— படியேறி வந்தேங்கய்யா.

— நேத்து என் பொண்ணு அனுப்புன புது மெஷினை முதல் தடவையா வெளியில எடுத்தேன். அரை மணி நேரம் நிம்மதியாப் பறக்க விட்டீங்களாடா? மேல போயிருக்கும்போதே போன் அடிக்குது. கண்டவனையும் சேர்க்காதேன்னு அன்னைக்கே சொன்னேன். "ரொம்ப ஆசைப்படறாரு சார்"னு நீதான் சிபாரிசு பண்ணின. டைப் பண்ணு. சொல்லச் சொல்ல அடி.

— சொல்லுங்க சார்.

— "மேற்படி தவறைச் செய்தவர் சங்கத்திலிருந்து ஆயுள் முழுவதற்கும் நீக்கப்படுகிறார்."

— ஐயா.

— என்ன?

— ஆயுசு முழுக்கன்னு போடாதீங்கய்யா. தெரியாமப் பண்ணின தப்பா இருக்கும். மூணு மாசம் வெளியில நிறுத்துனாப் போதாதுங்களா? ஞாயித்துக்கிழமை ஒண்ணுக்காகத்தான் வாரம் பூரா காத்துக் கிடக்கோம்.

— ஆ, வழிக்கு வந்துட்டான். இருபத்தெட்டு மீட்டர்னு வீரம் பேசின வாய் இப்ப மூணு மாசம்னு கெஞ்சுது, பாத்தியாம்மா? "ஆயுள் முழுவதற்கும்"ங்கறதைத் தடிச்ச எழுத்துல போடு. அடுத்து. "அவருடைய ட்ரோன் விமான நிலைய அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்படும். திரும்பக் கேட்கும் உரிமை அவருக்குக் கிடையாது."

— சார், அது வேணுமா? மெயில்ல அவங்க அதைக் கேக்கவே இல்ல. கேக்காத மருந்தை நாம ஏன் கட்டிக் குடுக்கணும்?

— நாம கேக்காமலே செஞ்சாத்தான் நம்மளை மதிப்பான்.

— பொருளை விட்டுருங்கய்யா. பெத்த புள்ள ஆசையா வாங்கிக் குடுத்ததா இருக்கும். அதைப் பிடுங்கிட்டா வீட்ல போய் என்ன சொல்றது?

— உன் புள்ளைங்க உனக்கு வாங்கிக் குடுத்தாங்களா? பரவாயில்லையே. தையல்கூலியில ட்ரோன் வாங்கற அளவுக்கு வளந்துட்டாங்களா?

— நான் என்னுதைச் சொல்லலைங்க...

— போதும். உன் குடும்பக் கதையெல்லாம் எனக்கு வேணாம். மூணாவது போடும்மா. "அவர் நேரில் சென்று, கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் பணியிலிருக்கும் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்பார்." அந்தச் சின்னப் பொண்ணுகிட்டயும் கேக்கணும். அவ பேசின பேச்சை நான் வாங்கினேன்ல, அதை இவன் வாங்கட்டும்.

— வயசுல பெரியவங்களை அப்படி நிக்க வைக்க வேணாங்கய்யா. நாளைக்கு நினைச்சா மனசு சங்கடப்படும்.

— பெரியவங்களா? உனக்கு என்ன வயசு?

— அம்பத்தொண்ணுங்க.

— அம்பத்தொண்ணு வயசுல பெரியவராம்! எனக்கு அறுவத்தேழு. நான் யார் முன்னாடியாவது நின்னிருக்கேனா?

— சார், மணி அஞ்சே முக்கால். கடைசியா ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. அனுமதிப் பேப்பர்ல நூறு அடின்னு இருக்கு. நிறைய மெஷின் உயரத்தை மீட்டர்ல காட்டுது. ஒருத்தர் அதைக் கவனிக்காம விட்டிருந்தா, அது திமிர் இல்ல சார், தவறுதல். அதைக் கடிதத்துல ஒரு வரி போட்டோம்னா தண்டனையும் குறையும், சங்கத்துக்கும் கெட்ட பேரு வராது.

— அடிக்கும் மீட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவன் எதுக்குப் பறக்க விடறான்? அளவெடுத்துப் பொழைக்கறவனுக்கே அது தெரியலைன்னா எவன் சட்டையைத் தைக்கறான் இவன்? ஒரு வரிதானே வேணும்? போடு. "அடிக்கும் மீட்டருக்கும் வேறுபாடு அறியாத இவர் போன்றவரைச் சேர்த்ததற்காகச் சங்கம் வெட்கப்படுகிறது." போட்டியா?

— போட்டாச்சு.

— பிரிண்ட் எடு. பேனா குடு.

— முதல் வரியில பேரும் உயரமும் போடற இடம் காலியா இருக்கு சார். பேரு என்னன்னு சொல்லிட்டீங்கன்னா...

— அந்தப் பேரை என் வாயால வேற சொல்லணுமா? அதான் லாக்கு லாக்குன்னு அப்ப இருந்து ஓதிக்கிட்டு இருக்கியே. லாக்குல எந்தப் பேரு இருக்கோ அதை நிரப்பிக்க. இந்தா, கையெழுத்து.

— லாக்ல இருக்கற பேரைத்தானே சார்?

— தமிழ்லதானே சொல்றேன்?

— அம்மா, வேணாங்கம்மா. ஐயாகிட்ட நேராச் சொல்லிடலாம்.

— நீ வாயை மூடு. அவளை மிரட்டற வேலையெல்லாம் இங்க நடக்காது. அனுப்பும்மா. என் கண் முன்னாடி அனுப்பு.

— அண்ணே, நாலு தடவை வாயெடுத்தாச்சு. விட்டாரா? இனிமே நான் என்ன பண்ணட்டும்?... நிரப்பி, ஸ்கேன் பண்ணி அனுப்பிட்டேன் சார். அஞ்சு அம்பத்தி மூணு. வந்து சேர்ந்துச்சுன்னு அவங்க பதிலும் வந்துருச்சு.

— சபாஷ். இப்ப அந்த முதல் வரியை மட்டும் சத்தமாப் படி. நின்னுக்கிட்டே கேக்கட்டும்.

— "நேற்று மாலை ஐந்து பன்னிரண்டுக்கு நூறு மீட்டர் உயரத்தில், அதாவது முந்நூற்று இருபத்தெட்டு அடியில், ட்ரோனைப் பறக்கவிட்டவர் எங்கள் சங்கத்தின் தலைவர்..."

— என்ன படிக்கறே?

— லாக்ல இருக்கறதை, சார்.

— என்னுதா? விளையாடறியா? நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லையே! நூறுலதான் நிறுத்தி வச்சிருந்தேன். அனுமதி நூறு, திரையிலயும் நூறு!

— உங்க திரை மீட்டர்ல காட்டுது சார்.

— அதைத் திரும்ப வாங்கு. டவருக்குப் போன் போடு. தப்பாப் போயிருச்சுன்னு சொல்லு... ஏம்மா, நிக்கறியே? போடு!

— போட்டா அந்தச் சின்னப் பொண்ணுதான் எடுப்பா சார். நீங்களே பேசறீங்களா?

— டெய்லர்... யோவ் டெய்லர்... நீயாவது முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?

— இந்த நாற்காலியில உக்காருங்கய்யா. உங்களுக்காகத்தானே மூணு மாசம் போதும்னு கெஞ்சிக்கிட்டு இருந்தேன்.