பெயின்ட் காயும் வரை

காப்பிக்கு நன்றி, லெப்டினன்ட். பட்டாணியை வறுத்து அரைத்துக் கலக்காத காப்பியைக் குடித்து நாளாகிவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் நல்ல தூள் கிடைக்கிறது என்று ஊரில் பேசிக்கொள்வார்கள், பொய்யில்லை. கேளுங்கள், சொல்கிறேன். எதையும் மறைக்கப் போவதில்லை. அழுவேன் என்றும் எதிர்பார்க்காதீர்கள்.

என் வண்டியை உங்களுக்குத் தெரியும். கைபாரியெனிலிருந்து சாந்தா கிளாராவுக்குப் பத்தொன்பது வருஷமாக ஷேர் டாக்ஸி ஓட்டுகிறேன், நீங்களே ஏறியிருப்பீர்கள். ஐம்பத்திரண்டாம் வருஷத்துப் பிளிமவுத். என்ஜின் ருஷ்ய ஜீப்பிலிருந்து வந்தது, ஸ்டியரிங் எதிலிருந்து வந்ததென்று எனக்கே மறந்துவிட்டது. உடம்பு மட்டும் அதன் சொந்த உடம்பு. வண்டி என் மாமனாருடையது. அவர் போனபோது காகிதம் மகன் ஃபெர்மின் பேருக்குப் போனது, உழைப்பு மருமகன் எனக்கு வந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நானும்தான்.

கடலோரத்தில் கார் வைத்திருப்பது நோயாளியை வைத்துப் பார்ப்பது மாதிரி. முதலில் மினுமினுப்பு போகும். அப்புறம் தடவினால் நிறம் மாவாகக் கையில் ஒட்டும். அடுத்து கொப்புளம் கிளம்பும். உடைத்துப் பார்த்தால் அடியில் துரு இருக்கும். போன கோடையில் கூரை உள்பட எல்லா இடத்திலும் உரிய ஆரம்பித்துவிட்டது. வருஷம் முழுக்க வெள்ளை உடுத்த வேண்டிய நோன்பில் இருந்த ஒலிம்பியா, இறங்கும்போது பாவாடையைத் தூக்கிக் காட்டினாள்.

"அர்செனியோ, உன் காருக்குப் பொடுகுடா. வெள்ளைத் துணி பூரா பச்சைப் பச்சையா ஒட்டிக்கிச்சு. சாமிக்கு நான் என்னடா பதில் சொல்வேன்?"

வண்டியே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று. அன்றே முடிவு செய்தேன், ஒழுங்காகச் சுரண்டி ஒழுங்காக அடித்துவிடுவதென்று.

அதற்குள் ஃபெர்மின் முந்திக்கொண்டான். ஒரு சனிக்கிழமை நான் குளித்துவிட்டு வந்தால், படகுக்கு அடிக்கிற பெயின்ட்டை டப்பாவோடு வைத்துக்கொண்டு, பிரஷ்ஷால் மட்கார்டில் அப்பிக்கொண்டிருக்கிறான். உரிந்த இடத்தின் மேலேயே.

"என்ன மாப்ளே பண்றே?"

"பார்த்தா தெரியலையா மச்சான்? உன் சொறி புடிச்ச கிழவிக்குப் பவுடர் போடுறேன். மாசக் கடைசியில இவளுக்கு மாப்பிள்ளை வர்றான், வரதேரோ பீச்சுலேருந்து."

"எந்த மாப்பிள்ளை?"

"டூரிஸ்டுகளை ஏத்துறவன். கூரையை அறுத்துட்டு, ரோஸ் கலர் அடிச்சு, தொப்பிக்காரனுங்களை உட்கார வெச்சுச் சுத்துவானாம். நான் அந்தக் காசுல நிகரகுவாவுக்கு பிளேன் ஏறி, அங்கேருந்து அப்படியே வடக்கே டாலர் தேசத்துக்குப் போயிடுவேன்."

"நானும் உன் அக்காவும் என்ன பண்றது?"

"ரிக்ஷா மிதி மச்சான். தொப்பை குறையும்."

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். விற்கிறான் என்பதற்காக எனக்குக் கோபம் வரவில்லை. அவன் பேரில் இருக்கிற வண்டி, விற்கட்டும். உரிகிற பெயின்ட் மேலே பெயின்ட் பூசினானே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உரிகிறது என்றால் பிடிப்பு விட்டுவிட்டது என்று பொருள். பிடிப்பு விட்டதை எடுத்தெறியாமல் எதைப் பூசினாலும் நிற்காது. ஒட்டிக்கொண்டிருப்பது எது, ஒட்டாமல் கிடப்பது எது என்று சுரண்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒட்டாததிடம் இரக்கம் காட்டினால் பக்கத்தில் இருக்கிற நல்லதும் கெடும்.

பிரஷ்ஷைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். நானே அடித்துத் தருகிறேன், நல்ல விலைக்குப் போகும் என்றேன். கட்டிப்பிடித்துக்கொண்டான். "மச்சான்னா மச்சான்தான்" என்றான். அவன் கெட்டவன் இல்லை லெப்டினன்ட். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வழக்கமான ஓட்டம் முடிந்து வந்து மாலையெல்லாம் சுரண்டினேன். பச்சைக்குக் கீழே வெள்ளை, அதற்குக் கீழே மாமனார் காலத்து நீலம். தண்ணீர் விட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை அழிந்துவிட்டது. நேற்று ரேகை எடுத்தபோது உங்கள் ஆள் திட்டினாரே, அதற்குக் காரணம் இதுதான். கப்பல் பட்டறையிலிருந்து ஒருவர் இரண்டு டப்பா கொண்டுவந்து கொடுத்தார். ஒன்று பெயின்ட், இன்னொன்று அதில் கலக்கிற ஹார்டனர். கலந்த பிறகு கல் மாதிரி இறுகிவிடும், உப்பு தின்ன முடியாது. "மூடின ரூம்ல அடிக்காதே, நெஞ்சைப் புடிச்சிரும்" என்று அவர் எச்சரித்தது உண்மை. அதனால்தான் கடற்பஞ்சு எடுக்க முங்குகிறவர்களின் முகக் கண்ணாடியில் தோட்டத்து ஹோஸைப் பொருத்தி, மறுமுனையை வாசல் கதவின் ஓட்டை வழியாகத் தெருவில் விட்டேன். தெருக் காற்றைத்தான் நான் சுவாசித்தேன்.

வெளியில் வைத்து அடித்திருக்கலாமே என்பீர்கள். கடற்காற்று, மணல், கோழி இறகு எல்லாம் ஈரத்தில் வந்து உட்காரும். இந்த ஊரில் எல்லார் வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் முன்ஹால் காருக்குத்தான். சுவரில் தண்ணீர் தெளித்து, தரையை நனைத்து, இடுக்கையெல்லாம் நாடா ஒட்டி அடைத்தேன். கரண்ட் காலையில் மட்டும்தான் இருக்கும். பெயின்ட்டைப் பீய்ச்சக் காற்று தருவது பழைய ஃபிரிட்ஜ் மோட்டாரில் செய்த கம்ப்ரஸர், கரண்ட் போனால் நின்றுவிடும், கலந்த பெயின்ட் டப்பாவிலேயே இறுகிப் போகும். என் மனைவி மிரெய்யா ரேஷன் கோழிக்கறி வரிசையில் நிற்கப் போயிருந்தாள். ஃபெர்மின் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தான். முந்தைய நாள் சிநேகிதர்களுக்கெல்லாம் வழியனுப்பு விருந்து வைத்திருந்தான், பாவம், நல்ல தூக்கம்.

அந்த அறைக்கு ஒரே கதவு, ஹாலுக்குள் திறப்பது. சரிந்த பலகைகள் அடுக்கிய பழைய கதவு, மூடினாலும் காற்று போகும். ஜன்னல் புயலுக்குப் பிறகு பலகையடித்து மூடியது, அதையும் அடித்தவன் நான்தான். கதவை என் பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். எழுப்பியிருக்கலாமே என்றால், எழுந்தால் காப்பி கேட்பான், நடப்பான், பேசுவான், தூசு கிளம்பும். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டென்று தெரியும். உறிஞ்சுகிற மருந்தை டாஷ்போர்டு டப்பாவில்தான் வைத்திருப்பான். காருக்குள்ளிருந்த சாமானையெல்லாம் எடுத்துச் சமையலறை மேஜையில் வைத்தபோது அதையும் எடுத்து வைத்தேன். ஒளித்து வைக்கவில்லை. மேஜையில் எல்லார் கண்ணிலும் படும்படிதான் இருந்தது.

முதல் பூச்சு முடிந்தபோது இருமல் கேட்டது. அப்புறம் தட்டினான்.

"மச்சான்... என்ன நாத்தம் இது? கதவைத் தொற."

"கொஞ்சம் பொறு மாப்ளே. ஈரமா இருக்கு."

"மூச்சு முட்டுது மச்சான். என் மருந்து வண்டியில இருக்கு, எடுத்துக் குடு."

"காயட்டும். தூசு உட்கார்ந்தா போச்சு."

என்னைத் திட்டினான், என் அம்மாவைத் திட்டினான், அப்புறம் அவன் அக்காவைக் கூப்பிட்டான். கதவின் பலகை இடுக்கில் விரல்களை வெளியே நீட்டினான். நாலு விரல். அவற்றில் படாமல் பெயின்ட் பீய்ச்சுகிற துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேன், அவ்வளவு கவனமாக இருந்தேன். விரல்கள் உள்ளே போன பிறகு இரண்டாம் பூச்சை அடித்தேன். அவசரப்படவில்லை. அவசரப்பட்டால் வழிந்துவிடும்.

மிரெய்யா என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். சரி. அவள் சாப்பிட்ட சாப்பாடு அந்த வண்டியிலிருந்து வந்தது, அதை யோசித்துப் பார்க்கட்டும். தம்பி போய்விட்டதால் வண்டி இப்போது அவளுக்குத்தான் போகும். கூரையை யாரும் அறுக்க மாட்டார்கள். நான் வருத்தப்படுகிறேனா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வேலையைப் பாதியில் விட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பேன்.

வண்டியைப் போய்ப் பார்த்தீர்களாம். இவ்வளவு பாடுபட்டவன் அடித்த பெயின்ட் ஏன் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருக்கிறது என்று கேட்டீர்கள். தொழில் தெரிந்தவரைப் போலக் கேட்டதால் சொல்கிறேன். கம்ப்ரஸரில் தண்ணீர் தேங்கியிருந்திருக்கிறது. அது காற்றோடு வந்து பெயின்ட்டில் கலந்துவிட்டது. கூரை, பானெட், கதவு, எல்லா இடத்திலும் முதல் பூச்சிலேயே குழி விழுந்தது. அப்படி விழுந்துவிட்டால் மேலே எத்தனை பூச்சு அடித்தாலும் சரியாகாது. இறுகிய பிறகு முழுவதையும் உலோகம் வரைக்கும் சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஃபெர்மின் இருமுவதற்கு முன்னாலேயே அதை நான் பார்த்துவிட்டேன்.

எப்படியும் சுரண்டியெறிய வேண்டிய பெயின்ட் அது. அதில் தூசு படியக் கூடாதென்றுதான் கதவைத் திறக்கவில்லை.