சண்டை போடாத வாடிக்கைக்காரர்

— அவ்வளவுதானா? காச மேசையில வச்சிட்டு அப்படியே கிளம்பிட்டா எப்படி டெய்லர்? எச்.டி. படத்துக்கு வாடகைய மறுபடி ஏத்தியிருக்கேன்னு சொன்னேனே, காதுல விழுந்துச்சா இல்லையா?

— விழுந்துச்சு. அதான் சேத்து வச்சிருக்கேன்.

— ஏன் ஏத்துனீங்கன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டீங்களா?

— இல்ல வந்து… நீங்க ஏத்துனா அதுல ஏதாவது நியாயம் இருக்கும்.

— நியாயமாம்! டிஸ்க் சப்ளை பண்றவன் ஏத்திட்டான்னு நானும் மொத தடவ ஏத்துனேன் பாருங்க, அன்னிக்கு இந்தக் கடையில நடந்த கூத்துக்கு நீங்க இருந்திருக்கணும். பல் டாக்டர் வந்தாரு. "ஹீரோ சிரிச்சா கடவாப்பல்லுல இருக்கிற ஓட்ட தெரியுமா? தெரிஞ்சா நீ கேக்கறதக் குடுக்கறேன், இல்லன்னா பழைய வாடகைதான்"னாரு.

— தெரியுமா?

— எனக்கென்ன தெரியும், நான் பல்லயா பாக்கறேன்? அப்புறம் நர்ஸம்மா. டூட்டி முடிச்ச களைப்போட நேரா இங்க வந்து, "வாடகை கூடிடுச்சே, படமும் கூடக் கொஞ்ச நேரம் ஓடுமா?"ன்னு கேட்டாங்க. சிரிக்கக்கூட இல்ல. கார் ஓட்டக் கத்துக் குடுக்கறவரு சாதா டிஸ்க்க எடுத்துக்கிட்டு, "மூக்குக்கண்ணாடியக் கழட்டிட்டா எல்லா டிஸ்க்கும் ஒண்ணுதாம்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

— அவருகிட்ட வண்டி கத்துக்கிட்டவங்கள நெனச்சாத்தான் பயமா இருக்கு.

— எதுத்த மாடிக்குப் புதுசா குடி வந்தாங்களே புருஷன் பொண்டாட்டி, அவங்க கதையக் கேளுங்க. அவருக்கு எச்.டி.தான் வேணும். அவளுக்குக் காசு மிச்சம் புடிக்கணும். இங்கயே நின்னு பேச ஆரம்பிச்சு, கல்யாணத்துக்கு வாங்கின சோபா வரைக்கும் இழுத்துச் சண்ட போட்டு, கடைசியில ரெண்டு டிஸ்க்கையும் இங்கயே போட்டுட்டு ஆளுக்கு ஒரு பக்கமாப் போனாங்க.

— பாவம்.

— யாரு? அவங்களா, நானா?

— மூணு பேருந்தான்.

— பரவாயில்லையே, பேச்செல்லாம் வருது! அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரு இருக்காரே, அவரு மேசையத் தட்டின தட்டுல என் காப்பி டம்ளரே கவுந்து போச்சு. இப்படி ஊரே சண்ட போட்டுச்சு. நீங்க ஒருத்தருதான் சட்டப் பையில கைய விட்டு, கேட்டத எடுத்து வச்சிட்டு, டப்பாவ வாங்கிட்டுப் போனீங்க. அழுத புள்ளதான் பால் குடிக்கும்னு கேள்விப்பட்டதே இல்லையா?

— அழுவுற வயசா எனக்கு?

— வாயத் தொறக்கிற வயசாவது வந்துச்சா? சரி, இருங்க. இன்னிக்குச் சாயங்காலம் எங்க அண்ணன் வர்றாரு. கடைய ஒரு செருப்புக் கடைக்காரருக்கு விட்டுட்டு, தன் வீட்டோட வந்து இருந்துடுன்னு போன மாசத்துலேருந்து சொல்லிக்கிட்டே இருக்காரு. இன்னிக்கு நான் பதில் சொல்லியாகணும்.

— இன்னிக்கேவா?

— இன்னிக்கேதான். அவரு இருக்கறது வேற ஊரு. போனா போனதுதான். நீங்க என்ன சொல்றீங்க?

— நான் என்ன சொல்றது… அண்ணன் வீடு. நல்ல மனுஷன்னு சொல்லியிருக்கீங்க. உங்க குடும்ப விஷயம்.

— குடும்ப விஷயம். சரி. போகட்டும். நேத்து எடுத்துட்டுப் போன படமாவது எப்படி இருந்துச்சு? கூடக் குடுத்த காசுக்குத் தகுமா?

— ஓ, பிரமாதம். அவ்வளவு தெளிவு.

— என்ன தெரிஞ்சுது?

— எல்லாந்தான். அந்தக் கப்பல் வருதுல்ல, அதுல கயிறு கயிறாத் தெரிஞ்சுது. கேப்டன் கோட்டு காலர்ல தையல்கூடத் தெரிஞ்சுது. கையால போட்ட தையல்.

— கையால போட்ட தையல்.

— ஆமா. மெஷின்ல போட்டா அப்படி வராது.

— டெய்லர், அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. இந்தாங்க, நீங்க இப்ப திருப்பிக் குடுத்த டப்பா. தொறந்து பாருங்க.

— எதுக்கு?

— தொறங்க, சொல்றேன்.

— காலியா இருக்கே! ஐயய்யோ, டிஸ்க்க நான் வீட்டுலயே விட்டுட்டு…

— பதறாதீங்க. டிஸ்க் என் டிராயர்லதான் இருக்கு. நேத்து உங்ககிட்ட குடுத்ததே காலி டப்பாதான். அதுக்கு முந்தி எடுத்துட்டுப் போனதும் காலி. அதுக்கு முந்தினதும் காலி.

— மூணு தடவையுமா?

— காலி டப்பாவுல காலர் தையலப் பாத்த ஒரே மனுஷன் நீங்கதான்.

— அட்டைக்குப் பின்னாடி கதச் சுருக்கம் போட்டிருக்கும்ல. படமும் சின்னதா ஒண்ணு இருக்கும். அதப் பாத்துட்டு ஒரு குத்துமதிப்பா…

— உங்க வீட்டுல எச்.டி. பிளேயர் இருக்கா இல்லையா? மறைக்காம சொல்லுங்க.

— இல்ல.

— டிவியாவது?

— அது இருக்கு. பழசு. முதுகு பெருத்தது. அது மேலதான் தைக்க வந்த துணிய அடுக்கி வச்சிருக்கேன்.

— அப்ப இத்தன மாசமா இந்த டப்பாவ எல்லாம் கொண்டு போய் என்னதான் பண்ணீங்க?

— மெஷின் பக்கத்துல வச்சிருப்பேன். பேப்பர்ல அளவு வெட்டறப்ப ஃபேன் காத்துல பறக்கும். மேல ஒண்ணு வச்சா நிக்கும்.

— ஏன், ஒரு கல்லு கெடைக்கலையா உங்களுக்கு? இல்ல, கேக்கறேன். பாக்கறதுக்குப் பெட்டியே கெடையாது. எடுக்கறதுதான் எடுக்கறீங்க, வாடகை கொறஞ்ச சாதா டிஸ்க்க எடுத்துத் தொலச்சிருக்கலாமே?

— சாதா டிஸ்க்க ஒரு வாரம் வச்சுக்கலாம்.

— ஆமா. அதுக்கென்ன?

— எச்.டி.ய மறுநாளே திருப்பிக் குடுக்கணும்.

— குடுக்கணும்தான். அதனால?

— சாதா எடுத்தா வாரத்துக்கு ஒரு தடவதான் வர முடியும். இது எடுத்தா இன்னிக்கு எடுக்க வரலாம், நாளைக்குக் குடுக்க வரலாம். யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க.

— …

— இப்ப நீங்க பேசாம இருக்கீங்க.

— பேசறேன் இருங்க, மூச்சு வரட்டும்.

— வீட்டுல மெஷின நிறுத்திட்டா ஒரு சத்தமும் இருக்காது. பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா, மகளும் கல்யாணமாகிப் போனதுலேருந்து அப்படித்தான். இங்க வந்தா நீங்க யாரையாவது திட்டிக்கிட்டிருப்பீங்க. கேக்க நல்லா இருக்கும். அதுக்கு எவ்வளவு வாடகை கேட்டாலும் குடுக்கலாம்னு தோணும்.

— நான் திட்டறதக் கேக்கவா காசு?

— என்னையும் சேத்துத் திட்டினா இன்னும் நல்லா இருக்கும்.

— கடையில ஆள் இருக்காம்மா? இந்தாங்க உங்க டிஸ்க். படமா இது? முழுக்க இருட்டுல எடுத்து வச்சிருக்கான். இருட்ட எச்.டி.யில பாத்தா என்ன, சாதாவுல பாத்தா என்ன? நியாயம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?

— வாங்கண்ணே. கண்ணாடிக் கடைய யார் பாத்துக்கறா?

— அது தானாப் பாத்துக்கும். அந்தப் போலீஸ் படத்தக் குடுங்க. எச்.டி.தான். இந்தாங்க காசு, பழைய வாடகை, சரியா இருக்கும்.

— சரிண்ணே, சரிண்ணே. வச்சிட்டு நீங்க கிளம்புங்க, நான் அப்புறமா…

— என்ன அப்புறம்? அட, டெய்லரும் இங்கதான் இருக்காரா! டெய்லரே, அன்னிக்கு நான் போட்ட சத்தத்துலதான் அம்மா வாடகைய எறக்குனாங்க, தெரியும்ல? இந்தத் தெருவே எனக்குக் கடன்பட்டிருக்கு. பல் டாக்டர் நேத்து கையப் புடிச்சு நன்றி சொல்றாரு. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்களா?

— நானு… நன்றிங்க.

— இருக்கட்டும், இருக்கட்டும். என் பேண்ட்டுக்கு மட்டும் ஓரம் அடிச்சு வைங்க. நாளைக்கு வர்றேன். அம்மா, இந்தப் படமும் இருட்டா இருந்துச்சுன்னா வாடகையத் திருப்பிக் கேப்பேன், ஆமா.

— போயிட்டு வாங்கண்ணே.

— பழைய வாடகையா?

— காதுல விழுந்துடுச்சா?

— எறக்கிட்டீங்களா?

— எறக்கி ரெண்டு மாசமாச்சு. எல்லாருக்கும்.

— எனக்கு?

— உங்களுக்கு மட்டும் அதுக்கப்புறம் ரெண்டு தடவ ஏத்தியிருக்கேன். இன்னிக்கோட மூணு.

— ஏன்?

— அப்பாடா! இந்த ஒரு கேள்விக்குத்தான் ரெண்டு மாசமா காத்துக்கிட்டிருக்கேன். ஏத்துனா சண்ட போடுவீங்க, சண்ட போட்டா நாலு வார்த்த பேசித்தானே ஆகணும், பேச்சோட பேச்சா உள்ள இருக்கறது வெளிய வந்துடும்னு பாத்தேன். நீங்க பாட்டுக்கு உம்முனு காச வச்சிட்டுப் போனீங்க. மறுபடி ஏத்துனேன். அதுக்கும் உம்மு. சரி, மனுஷன் படத்தையாவது பாக்கறாரான்னு தெரிஞ்சுக்கத்தான் காலி டப்பாவக் குடுத்தேன். கூட வாங்கினத எல்லாம் தனியா எடுத்து வச்சிருக்கேன், கொண்டு போங்க.

— அது இருக்கட்டும்.

— இருக்கட்டும், இருக்கட்டும், எல்லாம் இருக்கட்டும்! எனக்குக் கோவம் வருது டெய்லர். நான் நாளைக்கு இந்த ஷட்டர எறக்கிட்டு ஊருக்குப் போறேன்னு சொன்னாலும் "அண்ணன் வீடு நல்ல இடம்"னு சொல்றீங்க.

— பயம்தாங்க. வேற ஒண்ணும் இல்ல. நான் ஒண்ணு கேட்டு நீங்க சிரிச்சிட்டீங்கன்னா? இல்ல, மொகம் சுண்டிப் போச்சுன்னா? அப்புறம் இந்தப் பக்கமே வர முடியாது. இருக்கறதும் போயிடும். மக என்ன நெனப்பா? ஊரு என்ன சொல்லும்?

— ஊரா? வாடகை ஏத்துனப்ப வானம் இடிஞ்ச மாதிரி கத்துச்சே, அந்த ஊரா? எறக்குன மறுநாளே போலீஸ் படம் எங்கன்னு கேட்டுச்சு. அது கத்தும், அப்புறம் மறந்துடும். உங்க மக உங்க நல்லதுக்குக் குறுக்க நிக்கிறவளா?

— இல்ல. நல்ல புள்ள.

— பாருங்க. தெருவுல போறவங்க வர்றவங்க எல்லாரையும் நான் அண்ணேங்கறேன். பல் டாக்டர் அண்ணன், கண்ணாடிக் கடைக்காரர் அண்ணன், டிஸ்க் சப்ளை பண்றவன்கூட அண்ணன். உங்கள என்னைக்காவது ஒரு தடவ அண்ணேன்னு கூப்பிட்டிருக்கேனா?

— இல்ல.

— கவனிச்சீங்களா?

— கவனிச்சேன். என் மேல மரியாத இல்ல போலன்னு நெனச்சேன்.

— கடவுளே! எங்க போய் முட்டிக்கறது நான்?

— உங்க அண்ணன் எத்தன மணிக்கு வர்றாரு?

— எதுக்குக் கேக்கறீங்க?

— சட்டைய மாத்திட்டு வந்துடறேன். இதெல்லாம் நூலும் சாக்பீஸுமா இருக்கு. அவரு உங்ககிட்ட பதில் கேக்கறதுக்கு முன்னாடி நான் அவருகிட்ட கேக்கணும். தங்கச்சியக் கூட்டிட்டுப் போகாதீங்க, நான் கட்டிக்கறேன்னு. அவரு திட்டினாலும் சரி, இன்னிக்கு விட்டா எனக்கு வாய் வராது.

— அவசரப்படாதீங்க, உக்காருங்க. அண்ணன் முந்தாநாளே வந்துட்டுப் போயிட்டாரு. நான் வரலண்ணே, இங்க ஒருத்தரு என்னக் கேக்கப் போறாரு, அவரு கேக்கறப்ப நான் இங்க இருக்கணும்னு சொல்லி அனுப்பிட்டேன்.